வெளிநாட்டு வணிகத்துக்குப் புதிதா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் ஓர் இளைஞர் தன் முதல் இறக்குமதி ஆர்டரைக் காட்ட வந்திருந்தார். சப்ளையரை இணையத்தில் தேடிப் பிடித்திருக்கிறார். சாட்டிலேயே விலை பேசி, வீடியோவில் ஆலையைச் சுற்றிப் பார்த்து, நான்கே நாளில் புரோபார்மா இன்வாய்ஸ் (விலையும் நிபந்தனையும் எழுதி முன்கூட்டியே தரும் பில்) வரை வந்துவிட்டார். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்த வேலைக்கு நான்கு மாதம் பிடிக்கும். ஃபேக்ஸ், மாதிரிப் பொருள், கூரியர் என்று இழுத்துக்கொண்டே போகும்.

சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் அனுப்ப வேண்டிய வங்கி விவரத்தைக் காட்டினார். "இதை யாரிடம் கேட்டு உறுதி செய்தீர்கள்?" என்றேன். "மெயிலில் கேட்டேன் சார், சரிதான் என்று மெயிலிலேயே பதில் வந்தது" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் பதில் வந்தது.

கணினியும் இணையமும் உலகத்தைச் சுருக்கிவிட்டன என்கிறோம். செய்தி போகிற நேரம் சுருங்கியது உண்மை. ஆனால் சரக்கு இன்னும் கப்பலில்தான் வருகிறது. பணம் வங்கி வங்கியாகக் கைமாறித்தான் போகிறது. சட்டம் ஒவ்வொரு எல்லையிலும் மாறுகிறது. செய்தியின் வேகத்தையே எல்லாவற்றின் வேகமாகவும் எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற பிழை. எளிய பாஸ்வேர்டு வைக்காதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

தேதி

03/04 என்று எழுதாதீர்கள். சிலருக்கு அது ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

மெயிலில் வந்த புது வங்கிக் கணக்கு

இதைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஆறு வருடமாக ஒரே சப்ளையரிடம் இயந்திர உதிரிபாகங்கள் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆர்டர் போடும்போது 30 சதவீதம், கப்பலில் ஏற்றி பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) நகல் வந்ததும் மீதி 70 சதவீதம். ஒருமுறை கூடத் தகராறு வந்ததில்லை. அந்த முறையும் நகல் ஒழுங்காக வந்தது. மறுநாள் அதே மெயில் தொடரிலேயே இன்னொரு பதில்: எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த மாதம் மட்டும் எங்கள் துணை நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்புங்கள். ஆர்டர் எண் சரி. கன்டெய்னர் எண் சரி. வழக்கமாக என் குடும்பத்தை நலம் விசாரிக்கிற அந்த ஒரு வரி கூட இருந்தது. இன்வாய்ஸில் அதே லோகோ, அதே முத்திரை. "கணக்கு மாற்றம் உறுதிதானா?" என்று பதில் போட்டேன். பத்தே நிமிடத்தில் "உறுதி" என்று வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பணத்தை அனுப்பினேன்.

ஒன்பது நாள் கழித்து சப்ளையரே போன் செய்தார். "மீதிப் பணம் எப்போது வரும்?"

அதற்கப்புறம்தான் மெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். நிறுவனப் பெயருக்குள் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. வங்கியோ சப்ளையரின் நாட்டிலேயே இல்லை, வேறொரு நாட்டில் இருந்தது. இரண்டும் முதல் நாளிலிருந்தே என் கண்முன் இருந்தவை. வங்கிக்கு ஓடினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். வந்து சேர்ந்த மறுநாளே கணக்கு காலி என்று பதில் வந்தது. கன்டெய்னரை எடுக்க அதே தொகையை இரண்டாம் முறை கட்டினேன். யாருடைய மெயில் பெட்டிக்குள் திருடன் புகுந்தான் என்று நானும் சப்ளையரும் மாதக்கணக்கில் சண்டை போட்டோம். கடைசியில் அவர் பெட்டியில் ஒரு விதி அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. என் பெயரில் வருகிற எல்லா மெயிலும் சத்தமில்லாமல் வெளியே ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் எங்கள் பேச்சைப் படித்து, பணம் கைமாறும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறான்.

இதில் புதியவர்களுக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. "பெறுபவர் பெயரைச் சரியாகத்தானே எழுதினோம், பெயர் பொருந்தாவிட்டால் வங்கி நிறுத்தாதா?" என்று கேட்கிறார்கள். ஸ்விஃப்ட் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வலைப்பின்னல். பணம் அதற்குள் ஓடுவதில்லை. வங்கிகள் தங்களுக்குள் வைத்திருக்கும் கணக்குகளில் வரவு, செலவு எழுதிக்கொள்கின்றன. போய்ச் சேருகிற வங்கி பெரும்பாலும் கணக்கு எண்ணைத்தான் பார்க்கிறது. பிரிட்டனிலேயே பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுச் சொல்லும் முறை பெரிய வங்கிகளில் 2020இல்தான் வந்தது. யூரோ நாடுகளில் 2025 அக்டோபரில்தான் கட்டாயமானது. அதுவும் அவர்களுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்குத்தான். எல்லை தாண்டிப் போகிற பணத்துக்குப் பல இடங்களில் அந்தச் சோதனை இன்னும் கிடையாது. நீங்கள் எழுதுகிற பெயர் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

சின்ன நிறுவனங்கள்தான் ஏமாறும் என்றும் நினைக்க வேண்டாம். 2013க்கும் 2015க்கும் இடையே லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், தைவான் கணினி உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி, கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 12 கோடி டாலருக்கு மேல் கறந்தார். பெயரைப் பார்த்தார்கள், பழக்கமான பெயர், பணம் போய்விட்டது. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் 2023இல் மட்டும் இவ்வகை மெயில் மோசடியில் சுமார் 290 கோடி டாலர் போனதாகப் புகார்கள் வந்தன.

சரி, என்ன செய்வது? கணக்கு மாறியதாகச் செய்தி வந்தால் போனை எடுங்கள். அந்த மெயிலில் இருக்கிற எண்ணுக்கு அழைக்காதீர்கள், உங்களிடம் பழைய நாளிலிருந்து இருக்கிற எண்ணுக்கு அழையுங்கள். அவர்களாக அழைத்தால் அது உறுதி செய்ததாகாது, வீடியோவில் முகம் தெரிந்தாலும் ஆகாது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு பொறியியல் நிறுவன ஊழியர், மேலதிகாரிகளின் முகமும் குரலும் போலியாக உருவாக்கப்பட்ட வீடியோ கூட்டத்தை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: வங்கிக் கணக்கு மாற்றம் மெயிலில் செல்லாது. இதையெல்லாம் மீறித் தவறு நடந்துவிட்டால், தெரிந்த அந்த மணி நேரத்திலேயே வங்கிக்குச் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு நாளில் பிடித்தால் பணம் திரும்ப வழியுண்டு. என்னைப் போல ஒன்பது நாள் விட்டால் அவ்வளவுதான்.

அந்த இளைஞரை என் மேசையிலிருந்தே சப்ளையருக்கு அழைக்க வைத்தேன். கணக்கு எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தையும் மறுமுனையில் இருந்த பெண் வாசிக்க, இவர் டிக் போட்டுக்கொண்டே வந்தார். எண் சரியாகத்தான் இருந்தது. மொத்தம் நான்கு நிமிடம் ஆனது. ஆறு வருடம் என் போனில் சப்ளையரின் எண் இருந்தது. அந்த நான்கு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

கணினி மொழிபெயர்ப்பு

விலை கேட்க, விசாரிக்கப் பயன்படுத்துங்கள். கையெழுத்துப் போடுகிற தாளுக்கு வேண்டாம்.

ஸ்கேன் நகலை ஆவணமாக நினைப்பது

பில் ஆஃப் லேடிங்கின் பிடிஎஃப் மெயிலில் வந்ததும் சரக்கே கைக்கு வந்த மாதிரி இருக்கும். அசல் பில் போட்ட சரக்கு அப்படி வராது. அந்தத் தாள்தான் சரக்குக்கு உரிமைச் சான்று. வழக்கமாக மூன்று அசல் பிரதி போடுவார்கள், அதில் ஒன்றை ஒப்படைத்தால்தான் கப்பல் நிறுவனம் கன்டெய்னரை விடும். அருகில் இருக்கிற நாட்டிலிருந்து வரும்போது கப்பல் முந்திக்கொள்ளும், கூரியர் பின்தங்கும். இலவச நாட்கள் முடிந்ததும் துறைமுகத்தில் நாளுக்கு நாள் கட்டணம் ஏறும்.

உலகமே திரைக்கு வந்த பிறகும் இந்தத் தாள் ஏன் போகவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்ததுண்டு. காரணம் சட்டம். கையில் பிடிக்க முடிகிற பொருளைத்தான் உடைமை என்று சட்டம் பார்த்தது. ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் மின்னணு ஆவணங்களுக்கான மாதிரிச் சட்டத்தை 2017இல்தான் தந்தது. உலகின் கப்பல் ஒப்பந்தங்கள் பலவற்றுக்கு அடிப்படையான இங்கிலாந்துச் சட்டம் 2023 செப்டம்பரில்தான் மின்னணு பில்லை ஏற்றுக்கொண்டது. எல்லா நாடும் இன்னும் அங்கே வரவில்லை. அதுவரை, நம்பகமான சப்ளையர் என்றால் டெலக்ஸ் ரிலீஸ் (அசலை அவர் ஏற்றுமதித் துறைமுகத்திலேயே ஒப்படைத்துவிடுவது) அல்லது சீ வேபில் (அசல் தாள் இல்லாமலே, பெயர் குறித்தவரிடம் சரக்கைத் தரும் ரசீது) கேளுங்கள். அசல் தாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நேரம்

அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை. மார்ச்சில் இரண்டு, மூன்று வாரம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரம் தப்பும். கூட்ட அழைப்பில் நகரத்தின் பெயரையும் போடுங்கள்.

எல்லாம் ஒரே திரைக்குள்

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சு நிரல், உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் புகுந்தது. உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்கின் திரைகள் இருண்டன. 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. வலைப்பின்னலை மீட்கத் தேவையான முக்கியப் பதிவு கானா அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு கணினியில் பிழைத்திருந்தது. மின்வெட்டால் அது அந்த நேரத்தில் அணைந்து கிடந்ததே காரணம்.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. வாரத்துக்கு ஒருமுறை நிலுவையில் உள்ள ஆர்டர், கன்டெய்னர் எண், சப்ளையர் போன் எண் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வைக்கிறேன். என்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதலில் காட்டுவது அந்தக் கோப்பைத்தான்.

வாடிக்கையாளர் விவரம்

ஐரோப்பியர்களுக்கு விற்கிறீர்களா? நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் உங்களைப் பிடிக்கும். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அபராதத்தின் உச்ச வரம்பு 2 கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அது. தேவை முடிந்த முகவரிப் பட்டியலை அழித்துவிடுங்கள்.