கருப்பை இறக்கத்துக்கு வளையம் வைத்தவர்கள் செய்யும் தவறுகள்

இறங்கும் கருப்பையைத் தாங்கிப் பிடிக்கப் பெண்ணுறுப்புக்குள் வைப்பதுதான் இந்த வளையம். சென்ற வாரம் வெளிநோயாளிப் பிரிவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னார்: "வைத்து ஏழு மாதமாகிறது அக்கா. வலியே இல்லை, அதனால் எடுத்துப் பார்க்கவே இல்லை." எனக்குப் பகீரென்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். கை கழுவுவது, நகம் வெட்டுவது எல்லாம் நர்ஸ் சொல்லித் தருவார். மற்றவற்றை நான் சொல்கிறேன்.

வலி இல்லையென்று விட்டுவிடுவது

நான் பதினோரு மாதம் எடுக்கவில்லை. ஒருநாள் பாவாடையில் பழுப்பாக ஒரு கறை, நாற்றம் வேறு. மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் துவைத்துப் போட்டேன். மருத்துவர் வளையத்தை எடுத்தபோது அது அழுத்திய இடம் புண்ணாகியிருந்தது.

மாதவிடாய் நின்றபின் உள்தோல் மெலிந்துவிடும். வளையத்தின் சிலிக்கோன் எவ்வளவு மென்மையானாலும், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உரசினால் அந்தத் தோல் தாங்காது. பெண்ணுறுப்பின் உள்ளே மேல்பகுதியில் உணர்ச்சி குறைவு. வலி வந்து எச்சரிக்காது. அரிதாக, சிறுநீர்ப்பை வரை ஓட்டை விழுவதும் உண்டு. எனக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு தடவிப் புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை வளையம் கிடையாது. அடுப்பருகே பத்து நிமிடம் நின்றால் கருப்பை இறங்கிவிடும்.

மாட்டி அனுப்பியவர்கள் கழற்றக் கற்றுத்தரவில்லை என்ற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வெட்கத்தில் நானும் கேட்கவில்லை. பிரிட்டனில் 340 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான டாப்சி ஆய்வில், தாமே கழற்றி மாட்டியவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன. இப்போது வியாழன் இரவு எடுத்துக் கழுவி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தபின் மாட்டிக்கொள்கிறேன். உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மாட்டும்போது ஈரக்கையோடு வளையத்தை மடிப்பது

வில்லாகத் தெறித்து வாஷ்பேசினில் விழும். கையைத் துடைத்துக்கொண்டு மடியுங்கள். உள்ளே போகும் முனையில் மட்டும் ஜெல் தடவுங்கள். ஒரு காலை முக்காலிமேல் வைத்தால் எளிது.

குந்தி முக்குவது

மலச்சிக்கலோடு முக்கினால் வளையம் நழுவும். விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் ஒருமுறை பாருங்கள்.

டெட்டாலில் வளையத்தைக் கழுவுவது

வேண்டாம். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும்.

புதுக் கசிவைக் கண்டு வளையத்தைத் தூக்கிப்போடுவது

இறக்கத்தால் மடங்கியிருந்த சிறுநீர்ப்பாதை, வளையம் தூக்கிப் பிடித்ததும் நேராகும். அதுவரை மறைந்திருந்த கசிவு இருமும்போது தெரியவரும். சிறுநீர்ப்பாதையைத் தாங்கக் குமிழ் வைத்த வளையமும் இருக்கிறது; கேளுங்கள்.

சிறுநீர் அடைத்தால் விடியட்டும் என்றிருப்பது

உடனே கழற்றுங்கள். கழற்ற வராவிட்டாலும், கழற்றியும் சிறுநீர் போகாவிட்டாலும் அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.