சூடான இந்துப்புப் பாளத்தில் காய்கறி சுடும் முறை

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலுள்ள கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் இளஞ்சிவப்பு இந்துப்பைத் தடித்த பாளமாக அறுத்து, அதை அடுப்பில் ஏற்றிக் காயவைத்து, அதன்மேலேயே காய்கறிகளைச் சுட்டெடுக்கலாம். உப்பின் உருகுநிலை 801 டிகிரி செல்சியஸ் என்பதால், வீட்டு அடுப்பின் சூட்டில் பாளம் உருகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஈரத்தைத்தான். பாளத்துக்குள் தங்கியிருக்கும் ஈரம் அதைப் பிளந்துவிடும். காயிலிருந்து கசியும் ஈரமோ உப்பைக் கரைத்துக் கறியைக் கரிக்கச் செய்துவிடும். கீழே சொல்லப்படும் செய்முறையின் பெரும்பகுதி இவ்விரண்டையும் அடக்குவதற்கானதே.

பாளம் குறைந்தது 4 சென்டிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். அந்தத் தடிமனில் 20 சென்டிமீட்டர் சதுரப் பாளம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையிருக்கும். பரிமாறுவதற்காக விற்கப்படும் மெல்லிய தட்டுகளும் அலங்கார விளக்குக்கான கட்டிகளும் அடுப்புச் சூட்டைத் தாங்க மாட்டா. வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும் விரிசல் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 2019இல் 200 சதவீதச் சுங்கவரி விதித்தது. 2025 மே மாதத்தில் இறக்குமதியையே தடைசெய்துவிட்டது. ஆகவே இந்தியாவில் வாங்குவோர், 'இமயமலை உப்பு' என்று விற்கப்படும் பாளம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதே நல்லது.

சூடேற்றுவதில்தான் பொறுமை தேவை. வெப்பத்தில் உப்பு இரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் விரிவடைகிறது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அது மிகவும் பின்தங்கியது. அடிப்பக்கம் கொதித்து விரிந்துகொண்டிருக்க, மேற்பக்கம் இன்னும் ஆறியே இருக்குமானால் பாளம் இழுபட்டு வெடிக்காமல் என்ன செய்யும்? எனவே நன்கு உலர்ந்த பாளத்தை எரிவாயு அடுப்பின் தாங்கியில் ஆடாமல் வைத்து, முதல் 15 முதல் 20 நிமிடங்களுக்கு மிகச் சிறிய தீயிலேயே விட்டுவிடுங்கள். பிறகு 15 நிமிடங்களுக்கு ஒருமுறை தீயைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சமைக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். புதிய பாளமானால் முதல் தடவை இன்னும் நிதானமாகவே சூடேற்றுங்கள். மின்சுருள் அடுப்பில் பாளம் சுருளை நேராகத் தொடாதபடி இடையில் ஓர் எஃகு வளையத்தை வைப்பது அவசியம். இண்டக்‌ஷன் அடுப்பு இதற்கு உதவாது. கண்ணாடி மேற்பரப்புள்ள எரிவாயு அடுப்பில் அகலமான பாளத்தை வைத்தால் வெப்பம் கீழ்நோக்கித் திரும்பிக் கண்ணாடியைத் தாக்கக்கூடும்; எஃகு அடுப்போ கரி அடுப்போ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சூடு ஏறும்போது இடையிடையே மெல்லிய வெடிப்பொலி கேட்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவிய இளஞ்சிவப்பு மங்கி வெளிறும். மயிரிழை போன்ற கீறல்களும் தோன்றலாம். இவை இயல்பானவை. பெரிய சத்தத்துடன் ஆழமான பிளவு விழுந்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, பாளம் முழுவதும் ஆறும் வரை அதன் அருகே செல்லாதீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்போர் 200 முதல் 250 டிகிரி வரை பார்த்துக்கொள்ளலாம். அது இல்லாதவர்கள் தோசைக்கல்லில் செய்வதுபோல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாலே போதும். சொட்டு உடனே சீறி மறைந்து, அந்த இடத்தில் மெல்லிய வெண்ணிற உப்பு வளையம் மட்டும் எஞ்சினால் பாளம் தயார். சொட்டு தேங்கி நின்று கொதித்தால் இன்னும் 10 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

அந்த இடைவெளியில் காய்களை நறுக்கி வையுங்கள். குடமிளகாய், வெங்காயம், பிஞ்சு வெண்டைக்காய், கத்தரிக்காய் ஆகியவை இம்முறைக்கு நன்றாகப் பொருந்துகின்றன. தக்காளியும் சுரைக்காயும் நீர்விடும் காய்கள் என்பதால் என் கணிப்பில் அவற்றைத் தவிர்ப்பதே மேல். கழுவிய காயைத் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்தி, அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக நறுக்குங்கள். வெண்டைக்காயை மட்டும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும். உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு போன்றவை பாளத்தில் முழுமையாக வேகும் முன்பே உப்பை அதிகம் இழுத்துக்கொள்ளும். ஆகையால் அவற்றை முக்கால் பதம் வேகவைத்து, ஆறவிட்டு உலர்த்திய பின்பே போட வேண்டும். நறுக்கிய காயில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மெல்லிய படலமாகத் தடவிப் பிசறுங்கள். எண்ணெயைப் பாளத்தின்மேல் ஊற்றக் கூடாது; ஊற்றினால் அது வழிந்து தீயில் விழும். மிளகுத்தூள், சீரகத்தூள் சேர்க்கலாம், ஆனால் உப்பு மட்டும் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

காயில் உள்ள எண்ணெய்ப் படலம் அதன் ஈரத்துக்கும் உப்புக்கும் இடையே திரையாக நிற்கிறது. சூடு போதுமானதாக இருந்தால் கசியும் நீரும் உப்பைக் கரைப்பதற்குள் ஆவியாகிவிடுகிறது. சூடு குறைந்த பாளத்தில் இட்ட காய் வேகாமல் உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கும். குடமிளகாயும் வெங்காயமும் ஒரு பக்கத்துக்கு 2 முதல் 3 நிமிடங்களிலும், கத்தரி வில்லைகள் 3 முதல் 4 நிமிடங்களிலும் பதமாகிவிடும். வெண்டைக்காயை வெட்டுப்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, ஓரம் கருகத் தொடங்கியதும் திருப்புங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இடையே விரலளவு இடைவெளி விட்டு, இடுக்கியால் ஒரே ஒருமுறை திருப்பினால் போதும். முதல் துண்டைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, கரித்தால் அடுத்த சுற்றுக்குத் தீயைச் சற்றுக் கூட்டி, எண்ணெயையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பம் மேற்பரப்புக்குத் திரும்ப ஏறுவதற்கு உப்பு நேரம் எடுத்துக்கொள்வதால், சுற்றுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடங்கள் பாளத்தை வெறுமையாக விட வேண்டும். வெந்ததும் காயை உடனே தட்டுக்கு மாற்றுங்கள். பாளத்திலேயே விட்டுவைத்தால் கரிப்பு ஏறிக்கொண்டே போகும்.

இந்த உப்பில் ஏறத்தாழ 98 சதவீதம் சோடியம் குளோரைடுதான். அதன் நிறம் இரும்புச் சேர்மத்தால் வருவது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், இளஞ்சிவப்பு நிறத்தை நம்பி இதற்கு விலக்கு அளித்துக்கொள்ளக் கூடாது.

அடுப்பை அணைத்த பின் பாளத்தை இருந்த இடத்திலேயே சில மணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் அது பிளந்துவிடும். முழுவதும் ஆறியதும், ஒட்டியிருப்பதைத் தோசைத்திருப்பியால் சுரண்டி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சோப்பு தேவையில்லை, உப்பில் கிருமிகள் எளிதில் பெருகா. தண்ணீரில் ஊறவைப்பதோ குழாயடியில் காட்டுவதோ வேண்டவே வேண்டாம்.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மழைக்காலத்தில் இது அன்றாட நிலை என்பதால், பாளத்தைத் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, சமையலறைத் தொட்டியிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. அப்படியும் மேற்பரப்பு பிசுபிசுத்தால் ஒரு நாள் முழுதும் வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ உலர்த்திய பிறகே மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். பயன்படுத்தப் பயன்படுத்தப் பாளம் தேய்ந்து, நடுவில் குழிந்து, ஒரு நாள் இரண்டாக உடையும். எண்ணெய்க் கறை ஏறாத துண்டுகளை உடைத்து வைத்துக்கொண்டால், கிழங்கு வேகவைக்கும் தண்ணீரில் போடுவதற்கு ஆகும்.