பச்சை உருண்டையும் பழுப்புக் குச்சியும்: டயோரமா மரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயோரமா, அதாவது நிஜமான இடம் ஒன்றைச் சிறிய அளவில் காட்டும் மாதிரிக் காட்சி, செய்கிறவர்கள் வீட்டுக்கும் வண்டிக்கும் மாதக்கணக்கில் உழைப்பார்கள். கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள், ஜன்னல் கம்பியைக்கூட விட மாட்டார்கள். மரம் என்று வந்ததும் ஒரு குச்சி, அதன் தலையில் பச்சை ஸ்பாஞ்ச், முடிந்தது. அந்த ஒரு மரம் போதும், பக்கத்தில் நிற்கிற அருமையான ஓட்டு வீட்டையும் பொம்மையாக்கிவிட. பார்க்கிறவர் கண் முதலில் போவது காட்சியிலேயே உயரமாக நிற்பதன் மேல்தான்.

இந்தக் குறைகளில் முக்கால்வாசி கைத்திறன் போதாமல் வருவதில்லை. மரத்தைப் பார்க்காமல் மரம் செய்வதால் வருகிறது. சின்ன வயதில் வரைந்த மரம் ஒன்று எல்லோர் மனதிலும் தங்கியிருக்கிறது; கை அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1930களின் கிராமப்புறத்தை 1:76 அளவில் (நிஜத்தில் 76 செ.மீ. இருப்பது 1 செ.மீ. ஆக) அங்கே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கிய ராய் இங்லண்ட், மறைந்துகொண்டிருந்த அந்தக் கிராமத்து வீடுகளை நேரில் போய்ப் பார்த்து, அளந்து, பதிவு செய்துவிட்டுத்தான் செய்ய உட்கார்ந்தார். வீட்டுக்குச் செய்கிற அந்த வேலையை மரத்துக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ரயில் மாடல்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் 1:87 அளவில் தமிழ்நாட்டு ஊர் ஒன்று: ஏரிக்கரையில் பனைகள், வீட்டு வாசலில் ஒரு வேம்பு, சாலையோரம் புளியமரங்கள், ஊர் எல்லையில் ஓர் ஆலமரம்.

உயரத்தில் தொடங்கும் தவறு

மரத்தைக் குட்டையாகச் செய்வதுதான் எங்கும் காணும் தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு நம்பிக்கையே வராது. 18 மீட்டர் பனை 1:87-ல் 20 செ.மீ.யைத் தாண்டும். 12 மீட்டர் வேம்பு ஏறத்தாழ 14 செ.மீ., 15 மீட்டர் புளி 17 செ.மீ. அதே அளவில், முகடு 4.5 மீட்டர் உயரமுள்ள ஓட்டு வீடு 5 செ.மீ.தான். அதாவது பனை அந்த வீட்டைப் போல நான்கு மடங்கு நிற்க வேண்டும். நாமோ வீட்டைவிடக் கொஞ்சம் உயரமாகச் செய்துவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று யோசிக்கிறோம்.

இடம் போதாது என்றால் குறைக்கலாம், தப்பில்லை. ஆனால் எல்லா மரத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். வேம்பைவிடப் பனை உயரம் என்ற உறவு குலைந்தால் காட்சியே குலைந்துவிடும். ராணுவ வண்டிகள் வைக்கும் 1:35 அளவில் அதே பனை அரை மீட்டருக்கு மேல் வந்துவிடும். அங்கே முழுப் பனையைச் சுருக்கி வைப்பதைவிட ஒரு வடலியை, அதாவது இளம்பனையை, வைப்பது நல்லது; 3 மீட்டர் வடலி 9 செ.மீ.க்குள் அடங்கும்.

கிளை எப்படிப் பிரிகிறது

கட்டையான ஒரு குச்சியில் துளை போட்டுக் கம்பிகளைச் செருகுவது அடுத்த தவறு. அப்படிச் செய்தால் அடியிலிருந்து நுனி வரை தண்டு ஒரே பருமனில் இருக்கும், கிளைகள் குத்தி வைத்த மாதிரித் தெரியும். உண்மையான மரத்தில் கிளை பிரியப் பிரியத் தண்டு மெலிகிறது. ஒரு மட்டத்தில் இருக்கும் கிளைகளின் பருமனை எல்லாம் சேர்த்தால் கீழே உள்ள தண்டின் பருமன் வரும் என்று லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். மின்வயருக்குள் இருக்கும் செம்பு இழைகளைக் கொத்தாக எடுத்து முறுக்கினால் இந்த விதி தானாகவே வந்துவிடும். அடியில் எல்லா இழையும் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் சில இழைகள் பிரிந்து போகும். நுனியில் ஒற்றை இழைதான் மிஞ்சும்.

0.3 மி.மீ. இழை 40 எடுத்து முறுக்கினால் தண்டு சுமார் 2 மி.மீ. வரும். மேல்பூச்சு பூசினால் 4 மி.மீ. ஆகும். 1:87-ல் அது 35 செ.மீ. பருமனுள்ள தண்டு, வாசல் வேம்புக்குச் சரியான அளவு. கிளைகளை ஒரே உயரத்தில், குடைக் கம்பி போல எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிக்காதீர்கள். வேம்பு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே இரண்டு மூன்று பெருங்கிளையாகப் பிரியும். அதில் ஒன்று மற்றதைவிடத் தடிமனாகவும் வெளிச்சம் இருக்கும் பக்கம் சாய்ந்தும் இருக்கும். அந்தச் சமமின்மையில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது.

முறுக்கின கம்பி கயிறு மாதிரித் தெரியும் என்பதால் பூச்சு கட்டாயம். பலர் சுவருக்குப் பூசும் புட்டியை மட்டும் பூசுகிறார்கள். அது காய்ந்ததும் விறைத்துவிடும். பிறகு ஒரு கிளையைச் சற்று வளைத்தாலே உதிரும். ஃபெவிகாலில் சலித்த மரத்தூளையோ கொஞ்சம் புட்டியையோ குழைத்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தரம் பூசுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிப் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது ஊசியால் நெடுக்காகக் கீறினால் பட்டை கிடைக்கும். கீறல் மெலிதாக இருக்கட்டும். 1 மி.மீ. பள்ளம் என்பது நிஜத்தில் ஏறக்குறைய 9 செ.மீ. பள்ளம்.

கம்பிக்குப் பதிலாக இயற்கைக் குச்சியையே நடுவது எளிது. ஆனால் தோட்டத்துக் குச்சியில் கணுவும் தடிமனும் அளவுக்குப் பொருந்தாது. பிடுங்கிப் போட்ட களைச்செடியின் வேர் நன்றாகப் பொருந்தும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, தலைகீழாக நிறுத்தினால் போதும். காய்ந்த துளசிக் கதிரும் சின்ன மரங்களுக்கு நல்லது. ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை வரும், பூச்சி வரும்.

மரப்பட்டை பழுப்பு நிறமா

வெளியே போய்ப் பாருங்கள். சாக்லேட் பழுப்பில் ஒரு தண்டு கண்ணில் படுகிறதா? பனை கரும்சாம்பல், பழைய மரமென்றால் கிட்டத்தட்டக் கருப்பு. தென்னை வெளிர்சாம்பல், குறுக்கே மட்டை விழுந்த தழும்புகள். புளி கரும்சாம்பல், கரடுமுரடு. கொய்யா வழுவழுப்பு, தோல் உரிந்த இடம் வெளிறியிருக்கும். வேம்புக்கு மட்டும் சாம்பலோடு கொஞ்சம் பழுப்பு கலக்கலாம். ஆக, முதலில் சாம்பல், அதன் மேல் தண்ணீராகக் கரைத்த கருப்பு, அது பள்ளங்களில் இறங்கிக் காய்ந்ததும் உலர்ந்த தூரிகையால் வெளிர்சாம்பலைத் தொட்டும் தொடாமலும் இழுப்பது. பழுப்பு டப்பாவைத் தள்ளி வைத்தாலே பாதி மரங்கள் பிழைத்துவிடும்.

இலை: அளவும் இடைவெளியும்

வேப்பிலையின் ஒரு சிற்றிலை ஐந்தாறு செ.மீ. நீளம். 1:87-ல் அது 1 மி.மீ.கூட இல்லை. புளியின் சிற்றிலையோ வெறும் தூள். அப்படியிருக்க, விரல்நகம் அளவு ஸ்பாஞ்ச் துண்டுகளை ஒட்டினால் என்ன ஆகும்? ஸ்பாஞ்சைத் தண்ணீரோடு மிக்ஸியில் அடித்து, பிழிந்து காயவைத்து, சல்லடையில் சலித்து மூன்று அளவாகப் பிரியுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் ஜாரில் வேண்டாம், பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

கிளையெல்லாம் மறைய மறைய இலையை அப்புவது இதைவிடப் பெரிய தவறு. வேம்பின் அடியில் நின்று மேலே பார்த்தால் உள்பக்கம் பெரும்பாலும் வெறும் கிளைதான். இலை நுனிப் பக்கம் கொத்துக் கொத்தாக இருக்கும், கொத்துகளுக்கு நடுவே வானம் தெரியும். கம்பி நுனிகளில் நார்ப்பஞ்சை மிக மெல்லியதாக, சிலந்தி வலையளவுக்குப் பிரித்து மாட்டி, ஹேர் ஸ்ப்ரே அடித்து, அதன் மேல் தூளைத் தூவுங்கள். தூவிய பிறகும் மறுபக்கம் இருக்கும் சுவர் ஆங்காங்கே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தூள் அதிகம். புளிக்கு மட்டும் அடர்த்தி கொஞ்சம் கூடலாம், அதன் நிழலே அப்படித்தான்.

நிறத்தில், டப்பாவில் வரும் பச்சையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதோடு காவியோ மஞ்சளோ கலந்து அடக்க வேண்டும். கீழே சற்று இருட்டான தூள், மேலே வெயில் படும் இடத்தில் வெளிர் தூள். கொலுவில் பார்க் வைக்கிறவர்கள் மரத்தூளுக்குச் சாயம் ஏற்றிப் புல்லாகப் பரப்புவார்கள். கொலு நாட்களுக்கு அது அழகு. வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய டயோரமாவுக்கு அந்தச் சாயம் வேண்டாம், சீக்கிரம் வெளுத்துவிடும். அக்ரிலிக் பெயின்டில் நனைத்த ஸ்பாஞ்ச் நெடுநாள் தாங்கும்.

பனையைத் தென்னையாக்காதீர்கள்

இது நம் ஊர்க் காட்சிகளில் மட்டும் வருகிற தவறு. வெளிநாட்டு மாடல் கடைகளில் பாம் (palm) என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் தென்னைச் சாயலில் இருக்கும். அதையே ஏரிக்கரையிலும் நட்டுவிடுகிறார்கள். பனை நேராக நிற்கும், தண்டு அடியில் பருத்திருக்கும், தலை உருண்டை. ஓலை விசிறி. தென்னை மட்டை 5 மீட்டர் நீளமென்றால் 1:87-ல் 57 மி.மீ. வளைந்து தொங்க வேண்டும். பனை விசிறியோ 1 மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் அகலம், அதாவது 12 முதல் 17 மி.மீ.

மெல்லிய காகிதத்தை அந்த அளவு வட்டமாக வெட்டி, விசிறி மடிப்பு மடித்து, விளிம்பிலிருந்து பாதி வரை கீறுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செ.மீ. கம்பிக் காம்பு வேண்டும். காம்பை விட்டுவிட்டு ஓலையைத் தண்டிலேயே ஒட்டினால் முட்டைக்கோஸ் வந்துவிடும். ஒரு மரத்துக்கு முப்பது ஓலையாவது வேண்டியிருக்கும். பொறுமை தேவைப்படுகிற இடம் இது, ஆனால் காட்சி முழுவதும் இந்தத் தலைகளில்தான் நிற்கிறது. நடுவில் குருத்து செங்குத்தாக, அடுத்தவை விரிந்து, கீழே இருப்பவை தொங்கி, கடைசியில் காய்ந்த காவோலை இரண்டு மூன்று. எல்லாம் பச்சையாக இருக்கும் பனையை நான் எங்கும் பார்த்ததில்லை. அப்புறம், காய் வைப்பதென்றால் எல்லாப் பனைக்கும் வைக்காதீர்கள். ஆண்பனை காய்க்காது, பாளை மட்டும்தான். பெண்பனையின் குலைக்குக் கடுகு சரியான அளவு: 15 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட பனங்காய் 1:87-ல் 2 மி.மீ. கடுகின் மேல் வார்னிஷ் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும்.

ஆலமரத்தில் விழுதுகளை ஒரே நீளத்தில் வெட்டித் தொங்கவிடுவது பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. சில விழுது காற்றில் நூலாக ஆடும், சில தரையைத் தொட்டிருக்கும், சில தண்டாகவே பருத்திருக்கும். சென்னை அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்த பிறகும் மரம் விழுதுகளில் நின்றுகொண்டிருக்கிறது. வயதான ஆலைச் செய்வதென்றால் நடுத்தண்டு எது என்று தேட வேண்டிய அளவுக்கு விழுதுத்தண்டுகள் வேண்டும்.

மரத்தடியும் மண்ணும்

மரம் மண்ணில் குத்திய ஊசி மாதிரி நிற்பது இன்னொன்று. அடித்தண்டு விரிந்து வேராகி மண்ணுக்குள் இறங்க வேண்டும். கம்பி இழைகளில் ஏழெட்டைக் கீழேயும் பிரித்துவிட்டு, அதே பூச்சைத் தரை வரை இழுங்கள். வேம்படியில் புல் அவ்வளவாக இருக்காது. ஆள் உட்காரும் இடம், மாடு கட்டும் இடம். மண் இறுகி வெளிறியிருக்கும், சருகு கிடக்கும்.

நிஜ மண்ணைப் பயன்படுத்தலாம், நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் 1 மி.மீ. மணல் இந்த அளவில் உள்ளங்கை அகலக் கல். டீ வடிகட்டியில் சலித்து, பிறகு பழைய வேட்டித் துணியிலும் சலியுங்கள். ரயில் ஓடும் மாடல் என்றால் காந்தத்தை ஒருமுறை மண்ணுக்குள் விட்டு எடுங்கள். இரும்புத்தூள் இருந்தால் மோட்டாருக்குள் போய்விடும். ஒட்டும்போது ஃபெவிகாலில் நான்கு பங்கு தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் கலந்து, முதலில் மண்ணைத் தண்ணீர்த் தெளிப்பால் நனைத்துவிட்டு, பிறகு சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் விட்டால் பசை உருண்டு உருண்டு மண்ணைக் குழியாக்கிவிடும். காய்ந்ததும் மண் முன்னைவிட இருண்டு தெரியும், எனவே ஒரு படி வெளிறிய மண்ணிலிருந்து தொடங்குங்கள். புல்லிலும் இதே அளவுக் கணக்குதான்: 6 மி.மீ. நார்ப்புல் (புல்லாக ஒட்டும் செயற்கை நார்) 1:87-ல் அரை மீட்டர் உயரம், மாடு மேயும் கரையில் அது நிற்காது.

தெர்மாகோல் தளத்தின் மேல் ஸ்ப்ரே பெயின்ட் நேராக அடிக்க வேண்டாம், கரைத்துவிடும். ஃபெவிகாலும் அக்ரிலிக்கும் மட்டும் போதும்.

எது எங்கே நிற்கும்

மரங்களை ஒரே இடைவெளியில், ஒரே வயதில் நடுவதைத் தவிர்க்க ஒரு வழி, ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பது. பனை ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் வரிசையாக நிற்கும், ஆனால் நடுவில் வெட்டப்பட்டவற்றின் இடம் காலியாக இருக்கும், காலடியில் வடலிகள் முளைத்திருக்கும். கருவேலம் ஏரிக்குள் நிற்கும். சாலையோரப் புளியில் அடித்தண்டைச் சுற்றிக் கருப்பு வெள்ளைப் பட்டையும் எண்ணும் இருக்கும். அந்தப் பட்டையைப் பூசினாலே இது எந்த நாட்டுச் சாலை என்று சொல்லிவிடலாம். சாலைப் பக்கக் கிளைகள் லாரி உயரத்துக்கு மேலேதான் தொடங்கும். நீலகிரி ரயில் மாடல் செய்கிறவர்கள் தேயிலையை உருண்டை உருண்டையாக வைக்கிறார்கள். பறித்துப் பறித்துத் தட்டையான மேல்மட்டம்தான் தேயிலைத் தோட்டத்தின் அடையாளம். உயரம் 1:87-ல் 1 செ.மீ.க்குள், சரிவுக்கு இணையாக, நடுநடுவே நிழலுக்குச் சில்வர் ஓக்.

சில்வர் ஓக் என்பது உயரமான, மெலிந்த, வெளிறிய இலைகொண்ட மரம். அதன் கிளைகளைக் கழித்துவிட்டிருப்பார்கள். அதற்குப் பதிலாகச் சவுக்கை வைத்தால் மலை கடற்கரையாகிவிடும்.

கடைசியாக, எதையும் ஒட்டுவதற்கு முன்னால் மரங்களை அடிக்கம்பியால் தளத்தில் குத்தி மட்டும் வையுங்கள். 1:87-ல் மனிதன் 2 செ.மீ. உயரம்கூட இல்லை. கைபேசியை அந்த மனிதனின் கண் மட்டத்துக்கு இறக்கிப் படம் எடுங்கள். மேலிருந்து பார்த்தபோது தெரியாத மொட்டை அடிப்பக்கம், பூச்சு படாத செம்புக் கம்பி, ஒரே கோட்டில் நிற்கும் மூன்று மரங்கள் எல்லாம் அந்தப் படத்தில் தெரிந்துவிடும். காட்சி எந்த விளக்கின் கீழ் வைக்கப்படப் போகிறதோ அந்த விளக்கிலேயே எடுங்கள். டியூப்லைட்டில் சரியாக இருந்த பச்சை மஞ்சள் பல்பில் வேறாகிவிடும். மாற்ற வேண்டியதை மாற்றி, இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பசையை எடுக்கலாம்.