சைனாலஜி நாஸில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால்: தடை எங்கே என்று பார்த்து நீக்கும் முறை

நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் பெட்டி; சைனாலஜி அதைத் தயாரிக்கும் நிறுவனம்) ஃபோல்டர் திறக்கிறது; உள்ளே இருக்கும் ஃபைலைத் திருத்திச் சேமிக்கப் போனால் மறுக்கிறது. உடனே எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐப் போட்டுவிடாதீர்கள். சைனாலஜி நாஸின் இயங்குதளமான டிஎஸ்எம்மில் அனுமதிகள் ஏசிஎல் என்ற பட்டியலாக இருக்கின்றன; யாருக்கு என்ன அனுமதி என்பது அதில் வரிவரியாக இருக்கும். கட்டளை வரியில், 777 போன்ற எண்ணால் அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையைக் கொடுத்தால் அந்த ஃபோல்டரின் பட்டியலே போய், சாதாரண லினக்ஸ் அனுமதி மட்டும் மிஞ்சும். இருந்த சிக்கலோடு புதுச் சிக்கலும் சேரும்.

1. நாஸ் உங்களை யாரென்று நினைக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். டிஎஸ்எம்மில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, கனெக்‌ஷன்ஸ் பகுதியில் உங்கள் கணினி எந்தப் பயனர் பெயரில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் எப்போதோ சேமித்த பழைய பெயரிலேயே நுழைந்திருக்கலாம். விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் நாஸுக்கான பதிவை நீக்கி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, சரியான பெயரில் நுழையுங்கள். ஒரே சர்வரோடு இரண்டு பயனர் பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. அப்போது வரும் பிழையின் எண் 1219. ரீஸ்டார்ட் செய்யாமல் சோதிக்க வேண்டுமானால், நாஸின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறங்கள். விண்டோஸ் அதை வேறு சர்வர் என்றே எடுத்துக்கொள்ளும்.

2. ஷேர்டு ஃபோல்டர்

டிஎஸ்எம்மில் கன்ட்ரோல் பேனல், ஷேர்டு ஃபோல்டர், எடிட், பெர்மிஷன்ஸ் என்று போங்கள். உங்கள் பயனருக்கு ‘ரீட்/ரைட்’ டிக் செய்யுங்கள். குழுக்களையும் கட்டாயம் பாருங்கள். ஒருவருக்குப் பல வழிகளில் அனுமதி வந்தால் ‘நோ ஆக்சஸ்’ மற்ற எல்லாவற்றையும் வெல்லும்; அடுத்தது ‘ரீட்/ரைட்’; கடைசியில்தான் ‘ரீட் ஒன்லி’. பயனருக்கு முழு அனுமதி கொடுத்திருந்தும், அவர் இருக்கும் ஒரு குழுவுக்கு ‘நோ ஆக்சஸ்’ இருந்தால் கதவு மூடியபடிதான். ஒருவரைத் தடுக்க நினைத்து ‘யூசர்ஸ்’ குழுவுக்கே அதைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் குழுவில் வீட்டிலுள்ள எல்லாரும் இருக்கிறார்கள்.

இங்கே சரியாக இருந்தும் நுழையவே முடியவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலின் அப்ளிகேஷன் பிரிவிலேஜஸில் அந்தப் பயனருக்கு எஸ்எம்பி (விண்டோஸ் நாஸின் ஃபோல்டர்களைத் திறக்கப் பயன்படுத்தும் முறை) அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. உள்ளே இருக்கும் ஃபைல்கள்

வெளி ஃபோல்டரில் எழுத முடிகிறது, உள்ளே ஒரு ஃபோல்டரில் மட்டும் மறுக்கிறது என்றால் தடை இங்கே. புதிதாக நகலெடுத்த ஃபைல், சேரும் ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். நகர்த்திய ஃபைலோ பழைய அனுமதியைக் கையோடு கொண்டுவரலாம்.

டிஎஸ்எம்மின் ஃபைல்களைப் பார்க்கும் செயலியான ஃபைல் ஸ்டேஷனில் நிர்வாகியாக நுழைந்து, அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பெர்மிஷன் தாவலுக்குப் போங்கள். மாற்றும் முன் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்; இங்கே அன்டூ கிடையாது. கிரியேட் அழுத்திப் பயனரைத் தேர்ந்து ரீட், ரைட் இரண்டையும் டிக் செய்யுங்கள். பிறகு ‘இந்த ஃபோல்டர், துணை ஃபோல்டர்கள், ஃபைல்கள் அனைத்துக்கும்’ என்ற பொருளில் கீழே இருக்கும் பெட்டியையும் டிக் செய்து சேமியுங்கள். அந்தப் பெட்டியை விட்டுவிட்டால் பழைய ஃபைல்கள் அப்படியே முரண்டு பிடிக்கும். ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

‘ஹோம்ஸ்’ ஃபோல்டரில் மட்டும் இப்படி மொத்தமாகச் செய்யவே வேண்டாம். அதன் உள்ளே ஒவ்வொருவரின் தனி ஃபோல்டருக்கும் தனி உரிமையாளர் உண்டு.

சேமித்ததும் அதே தாவலின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பெர்மிஷன் இன்ஸ்பெக்டரைத் திறந்து பயனரைத் தேர்ந்தால், அவருக்குக் கடைசியாக என்ன அனுமதி மிஞ்சுகிறது என்று தெரியும்.

4. டாக்கர் கண்டெய்னர் என்றால்

நாஸிலேயே ஒரு செயலியைத் தனிப் பெட்டிபோல் ஓட்டுவதுதான் டாக்கர் கண்டெய்னர். கண்டெய்னருக்குப் பயனர் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். டிஎஸ்எம்மில் நீங்கள் முதலில் உருவாக்கும் பயனரின் எண் வழக்கமாக 1026, ‘யூசர்ஸ்’ குழுவின் எண் 100. எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து நாஸின் கட்டளை வரிக்குள் போகும் வழி) மூலம் நுழைந்து, ஐடி கட்டளையோடு பயனர் பெயரைக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கண்டெய்னரை உருவாக்கும் மூலப் பொதியான இமேஜ், பியூஐடி (பயனர் எண்), பிஜிஐடி (குழு எண்) மாறிகளை ஏற்கும் என்றால் அந்த எண்களைக் கொடுத்துக் கண்டெய்னரை மறுபடி உருவாக்குங்கள். அதற்கு முன் அது வேறு எண்ணில் எழுதிவைத்த ஃபைல்கள் தாமாக மாறாது. அவற்றுக்கு ஃபைல் ஸ்டேஷனின் பிராப்பர்ட்டீஸில் ஜெனரல் தாவலில் ஓனரை மாற்றி, துணை ஃபோல்டர்களுக்கும் சேர்த்துச் சேமிக்க வேண்டும்.