சார்பு மென்பொருளின் உரிமம் மாறினால் என்ன செய்வது? திறமூலத் திட்டங்களுக்கான செய்முறை

2024 மார்ச் 20 அன்று ரெடிஸ் தரவுத்தளத்தின் உரிமம் மாறுவதாக அறிவிப்பு வந்தது. அதுவரை பிஎஸ்டி என்ற தாராளமான திறமூல உரிமத்தில் கிடைத்துவந்த மென்பொருள், 7.4 பதிப்பு முதல் ஆர்எஸ்ஏஎல், எஸ்எஸ்பிஎல் என்ற இரு உரிமங்களில் ஒன்றின்கீழ் மட்டுமே கிடைக்கும் என்றார்கள். இவ்விரண்டையும், திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், திறமூல உரிமங்களாக ஏற்கவில்லை. நீங்கள் பராமரிக்கும் சிறு திட்டம் நம்பியிருக்கும் பிறரது மென்பொருளுக்கும், அதாவது அதன் சார்புக்கும், இப்படியொரு நாள் வரலாம். அன்று செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதல் படி, மாற்றம் எந்தப் பதிப்பில் தொடங்குகிறது என்று உறுதிசெய்வது. உரிமம் திட்டத்தின் பெயருக்கு அல்ல, வெளியிடப்பட்ட நிரலுக்கே வழங்கப்படுகிறது. ஆகவே பிஎஸ்டி உரிமத்தில் வெளியான ரெடிஸ் 7.2.4 இன்றும் பிஎஸ்டி உரிமத்திலேயே இருக்கிறது. அறிவிப்பைப் படித்ததோடு நிறுத்திவிடாமல், நிரல் இருக்கும் களஞ்சியத்தில் பழைய பதிப்பைக் குறிக்கும் டேகையும் புதிய பதிப்பைக் குறிக்கும் டேகையும் திறந்து, இரண்டிலும் உள்ள உரிமக் கோப்பை வரிவரியாக ஒப்பிடுங்கள். சில கோப்புறைகளுக்கு மட்டும் தனி உரிமம் இருப்பதும் உண்டு.

இரண்டாம் படியை அன்றைக்கே செய்துவிட வேண்டும்: பதிப்பு எண்ணைப் பூட்டுங்கள், அதாவது குறிப்பிட்ட ஒரே பதிப்பு மட்டும் வரும்படி எழுதுங்கள். சார்புகளின் பட்டியலில் ^4.2.0 என்று எழுதியிருந்தால், 5.0.0-க்குக் கீழுள்ள எந்தப் புதிய பதிப்பும் உள்ளே வர நீங்கள் அனுமதித்திருக்கிறீர்கள் என்று பொருள். உரிமம் மாறும்போது முதல் எண் மாறும் என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 2021-இல் 7.10-இலிருந்து 7.11-க்குப் போனபோது அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தை விட்டது, சேவையகங்களை அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 1.5 வரை எம்பிஎல் 2.0 என்ற திறமூல உரிமம், 1.6 முதல் திறமூலமல்லாத பிசினஸ் சோர்ஸ் உரிமம், ரெடிஸோ 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் மாறியது. மூன்றிலும் மாறியது நடு எண்தான், ஏனெனில் பதிப்பு எண் நிரலின் இணக்கத்தைச் சொல்லுமே தவிர சட்ட நிபந்தனையைச் சொல்லாது. ரெடிஸின் கண்டெய்னர் படிமத்தின் பெயரில் வெறும் 7 என்று எழுதிவைத்தவர்களுக்குப் புதிய உரிமம் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது.

பூட்டியபின் அவசரம் தணிந்துவிடும். இனி மூன்றாவதாக, அந்த மென்பொருளுக்கும் உங்கள் நிரலுக்கும் உள்ள உறவைப் பாருங்கள். அது தனியாக ஓடும் சேவையகமா, அல்லது உங்கள் நிரலோடு இணைந்து பயனரின் கைக்குப் போகும் நூலகமா? நூலகம் என்றால் புதிய உரிமம் கட்டற்றதாக இருந்தாலும் சிக்கல் எழலாம். ஆரக்கிள் 2013-இல் பெர்க்லி டிபி என்ற தரவுத்தள நூலகத்தை, அதோடு இணையும் நிரலின் மூலத்தையும் திறக்கக் கோரும் ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றியபோது, ஏஜிபிஎல் மதிப்புமிக்க கட்டற்ற உரிமம்தான் என்றபோதிலும், அதை இணைத்திருந்த பல நிரல்களுக்கு அந்த நிபந்தனை பொருந்தாததால் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் 5.3 பதிப்பிலேயே நின்றுகொண்டது.

2021 மார்ச்சில் நடந்தது வேறு வகை. நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமம் என்று அறியப்பட்ட மைம்மேஜிக் என்ற ரூபி நூலகத்துக்குள் ஏஜிபிஎல் போலவே நிபந்தனை கடுமையான ஜிபிஎல் உரிமமுள்ள தரவுக் கோப்பு இருப்பது தெரியவந்ததும், அதன் பராமரிப்பாளர் பழைய பதிப்புகளைத் தொகுப்பகத்திலிருந்து நீக்கினார்; ரெயில்ஸ் என்ற ரூபி வலைக் கட்டமைப்பு அதை நம்பியிருந்ததால், ரெயில்ஸ் திட்டங்களின் பில்டுகள் (நிரலைத் தொகுத்து உருவாக்கும் வேலை) உடைந்தன. பின்னர் ரெயில்ஸ் அந்தச் சார்பையே கைவிட்டது. பதிப்பைப் பூட்டுவது மட்டும் போதாது, சார்புகளின் நகலொன்றை நம்மிடமும் வைத்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நான்காம் படியில் முடிவெடுக்கிறீர்கள். பழைய பதிப்பிலேயே தங்கலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும், புதிய பதிப்பின் திருத்தத்தை எடுத்துப் பழையதில் ஒட்டவும் கூடாது, அது புதிய உரிமத்துக்கு உட்பட்டது. பழைய நிரலிலிருந்து பிறர் தனியே தொடரும் கிளைத்திட்டத்துக்கு மாறலாம்: ரெடிஸ் அறிவிப்பு வந்த எட்டாம் நாளே லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கீ என்ற கிளையை அறிவித்தது, டெர்ராஃபார்முக்கு ஓப்பன்டோஃபு என்ற கிளை பிறந்தது. கிளைத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்குமுன், ஒரே நிறுவனத்தாரா பலரா அதில் கமிட் செய்கிறார்கள் (நிரல்மாற்றங்களைச் சேர்க்கிறார்கள்) என்று பாருங்கள். என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியமான அடையாளம். தனியாளாக நீங்களே கிளை தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொறுத்திருப்பதும் ஒரு வழிதான்: 2017-இல் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் நூலகத்தின் காப்புரிமை நிபந்தனையை அப்பாச்சி அறக்கட்டளை ஏற்க மறுத்த சில மாதங்களில் அது எம்ஐடிக்கு வந்தது, எலாஸ்டிக்சர்ச் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல்லைக் கூடுதல் தேர்வாகச் சேர்த்தன.

முடிவை எங்கே பேசினாலும் பொதுவெளியில் பேசி, காரணத்தோடு களஞ்சியத்திலேயே பதிந்துவையுங்கள். உங்கள் மென்பொருளைத் தொகுத்து வழங்குவோர் அதைத் தேடிவருவார்கள்.

கடைசியாக, ஏற்கத்தக்க உரிமங்களின் எஸ்பிடிஎக்ஸ் அடையாளங்களை (உரிமங்களுக்கான பொதுக் குறுங்குறியீடுகள்) பட்டியலிட்டு, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (நிரல்மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) சார்புகளை அதனோடு ஒப்பிடும் சோதனையைத் தானியங்கியாக அமையுங்கள். ரஸ்டுக்குக் கார்கோ-டெனை, பைத்தானுக்குப் பிப்-லைசென்சஸ் போன்ற கருவிகள் உள்ளன. உரிமம் தெரியவில்லை என்று விடை வரும் சார்பையும் அந்தச் சோதனை தடுத்து நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள்.