மெல்லிய நூல் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்

சேலையோ சட்டைத் துணியோ கையால் நெய்யலாம் என்று கிளம்பி மதுரையில் நூல் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "100 நம்பர் இருக்கா?" என்றுதான். எந்த நாரில் 100, ஒற்றை இழையா இரட்டையா, பாவுக்கா (நீளவாக்கு இழை) ஊடைக்கா (குறுக்கு இழை) என்பதெல்லாம் காசு கொடுத்த பிறகுதான் ஞாபகம் வரும்.

பருத்தி நம்பர் என்பது ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம், அதாவது நூல் கண்டு, எத்தனை வரும் என்ற கணக்கு, நம்பர் ஏற ஏற நூல் மெலியும். லினனுக்கு இதே கணக்கு 300 கெஜத்தில் போடுவார்கள், அந்த எண்ணுக்கு லியா என்று பெயர், அதனால் 60 லியா லினனை 60 நம்பர் பருத்தி மாதிரி இருக்கும் என்று நம்பி ஆன்லைனில் வரவழைத்தால், வந்து சேர்வது 21 நம்பர் பருத்தியின் எடையுள்ள நூல். பட்டுக்கு டெனியர், அதாவது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது. அங்கே எண் குறைந்தால்தான் மெல்லிசு. அப்புறம் 2/100 என்றால் 100 நம்பரில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கியது, கனத்தில் 50 நம்பருக்குச் சமம்.

அதிகம் பேர் மாட்டுவது மலிவுக் கோனில், அதாவது கூம்பில் சுற்றி விற்கும் நூலில். பனியன் துணிக்கு நூற்றதில் மிச்சமானது கிலோ கணக்கில் குறைந்த விலைக்கு வரும், தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அதில் முறுக்கு குறைவு, மெழுகும் தடவியிருப்பார்கள், கஞ்சி பிடிக்காது. கஞ்சி ஏறாத ஒற்றை இழையைப் பாவாகப் போட்டால், இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சு உரசி உரசிப் பிசிறு கிளம்பி, நெய்கிற நேரத்தைவிட அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற நேரம்தான் அதிகமாகும். புதிதாக ஆரம்பிக்கிறவர் பாவுக்கு 2/100 எடுத்து, ஊடைக்கு மட்டும் ஒற்றை 100 போடலாம் என்பது என் கருத்து. இல்லை, பாவும் ஒற்றைதான் வேண்டும் என்றால், செல்லூர் பக்கம் இன்னும் தறி ஓட்டுகிற ஆட்களைப் பிடித்து, கூலி கொடுத்துக் கஞ்சி போட்டு வாங்குங்கள். பக்குவம் வீடியோ பார்த்து வராது. எப்படியானாலும் இந்த நம்பருக்குக் கோம்ப்டு நூல்தானா (குட்டை நாரைச் சீவி நீக்கி நூற்றதா) என்று கேட்டுவிடுங்கள்.

நூலைக் கொளுத்திப் பார்த்து, காகித வாசம் வந்தால் பருத்தி என்று முடிவு கட்டுகிறார்கள். பாலியஸ்டர் உருகிக் காட்டிக்கொடுத்துவிடும், சரி. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் அப்படியில்லை, அதுவும் பருத்தி போலவே எரியும். ஒரு இழையை நடுவில் நனைத்து இழுங்கள்: விஸ்கோஸ் ஈரமான இடத்தில் சட்டென்று அறும், பருத்திக்கு ஈரத்தில் பலம் கூடும். நம்பரில் சந்தேகமா? 100 மீட்டர் அளந்து நகை நிறுக்கும் தராசில் வையுங்கள். ஒற்றை 100 நம்பர் என்றால் 0.59 கிராம் வர வேண்டும், 80 நம்பர் 0.74 காட்டும்.

அளவிலும் கணக்கு இல்லாமல் வாங்குகிறார்கள். 46 அங்குல அகலம், அங்குலத்துக்கு 80 இழை என்றால் 3,680 இழை. 12 மீட்டர் பாவுக்குச் சுமார் 44 கிலோமீட்டர் நூல். மலைப்பாக இருக்கும், ஆனால் ஒற்றை 100 நம்பரில் அது 260 கிராம்தான். சேதாரத்துக்கும் சேர்த்து ஒரே லாட்டில், அதாவது ஆலையில் ஒன்றாகத் தயாரான தொகுதியில், வாங்கிவிடுங்கள், ஊடை உட்பட. பாதியில் தீர்ந்து வேறு லாட் நூலைச் சேர்த்தால் வெள்ளையாக இருக்கும்வரை தெரியாது, சுங்குடிக்குச் சாயம் நனைத்ததும் பட்டை பட்டையாகத் தெரியும்.