கிட்டார் கழுத்துக்கு அளவெடுக்கும்போது

முதலில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) வரையான கம்பி நீளத்தை முடிவு செய்யுங்கள், 648 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் பிரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டி) நட்டிலிருந்து 36.37 மி.மீ.-இல். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த பிரெட்கள் கிடைக்கும். 12-ஆவது நட்டிலிருந்து சரியாகப் பாதி நீளத்தில், 324-இல் விழ வேண்டும். விழாவிட்டால் கணக்கில் பிழை. மரத்தில் குறிக்கும்போது மட்டும் ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளவெடுங்கள். பிரெட்டுக்குப் பிரெட் அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்து, மேல் சுரங்கள் பிசகும்.

அகலம் நட்டில் 42, 22-ஆவது பிரெட்டில் 56 போதும். தடிமன், பிரெட்கள் பதியும் 6 மி.மீ. விரல் பலகையோடு சேர்த்து, முதல் பிரெட்டில் 21. டிரஸ் ராட் (கழுத்து வளையாமல் உள்ளே தாங்கும் உலோகத் தண்டு) பள்ளம் 9 மி.மீ. ஆழமென்றால் அடியில் 6 மி.மீ. மரம்தான் மிஞ்சும், அதற்குமேல் இழைக்காதீர்கள்.

பினாங்கின் ஈரக்காற்றில் புதிதாக அறுத்த மரம் முறுக்கிக்கொள்ளும். 2 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்து, இரண்டு வாரம் கிடத்திவைத்த பிறகே இறுதியாக இழையுங்கள்.